தோட்டத்துக்கு அப்பால் படகு

கூரை ஒழுகியதும் ஒரு விதத்தில் நல்லதுக்குத்தான் என்று பல் டாக்டர் பிற்பாடு சொல்லிக்கொண்டு திரிந்தாள். ஒழுகிய அன்று அவளுடைய அண்ணன் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லத் துணிந்திருக்க மாட்டார்கள்.

அண்ணனை ஊரில் எல்லோரும் ‘சீஃப்’ என்றுதான் கூப்பிடுவார்கள். சரக்குக் கப்பல்களில் சீஃப் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை போய்ப் பல வருடமாகியும் பட்டம் போகவில்லை. மருந்துக்கடைக்காரர் முதல் எதிர்வீட்டுக் குழந்தை வரை எல்லோருக்கும் அவர் சீஃப்தான். மின்விசிறி முனகினால் எழுந்துபோய்ப் பார்க்க மாட்டார். உட்கார்ந்த இடத்திலிருந்தே காதைத் தீட்டிக்கொண்டு, எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட மனிதர் தலைக்கு மேலே கூரையில் விட்டிருந்த விரிசலைக் கவனிக்காமல் விட்டுவிட்டார். ஒரே ஒரு மழை. கூடத்துச் சுவர் வழியாகத் தண்ணீர் இறங்கி, சாப்பாட்டு மேஜைக்கு நேரே மாட்டியிருந்த படத்தின் மூலைக்குள் புகுந்துவிட்டது.

அது ஒரு கடலோரத் தோட்டத்தின் படம். முன்னால் பூச்செடிகள், சிவப்பும் மஞ்சளும் கலந்த புள்ளிக் கூட்டம். நடுவில் ஒரு பெஞ்சு. அதில் குடை பிடித்த ஒரு பெண்ணும், பக்கத்தில் ஒரு குழந்தையும் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு எதிரே ஒரு குட்டைச் சுவர். சுவருக்கு அப்பால் கடல். கடலில் ஒற்றைப் பாய் கட்டிய சின்னப் படகு. எல்லாவற்றின் மேலும் தேனை ஊற்றி வைத்த மாதிரி ஒரு பொன்னிறம். கிட்டத்தில் போய்ப் பார்த்தால் எதுவுமே தெரியாது, யாரோ தூரிகையைத் துடைத்து வைத்த துணிபோல இருக்கும். நாலடி பின்னால் வந்தால்தான் தோட்டம் தோட்டமாகும். கீழே கையெழுத்து ஒன்று உண்டு. புழு நெளிந்த மாதிரி இருக்கும் அதை இதுவரை யாரும் படித்ததில்லை. சீஃபின் தாத்தா அந்த வீட்டை வாங்கியபோது சுவரோடு சேர்ந்து வந்த படம் அது. வீட்டில் அதற்கு ‘சாயங்காலப் படம்’ என்று பெயர்.

மழை விட்டதும் சீஃப் நாற்காலி மேல் ஏறிப் படத்தை இறக்கினார். மூலையில் பாலாடை படிந்ததுபோல் வெள்ளை பூத்திருந்தது. ஒரு செதில் வண்ணம் கையோடு வந்தது. என்ஜின் அறையில் நெருப்புப் பிடித்த நாளில்கூட நிதானம் இழக்காதவர், ஈரக் கையோடு தங்கைக்குப் போன் போட்டார்.

“குட்டி, அம்மாவோட படம் போச்சு.”

“போச்சுன்னா? திருடனா?”

“தண்ணி.”

“அட, அவ்வளவுதானே. நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன். ஒரு பொண்ணு இருக்கா, என்கிட்டதான் பல் காட்டுவா. பழைய படங்களைச் சரி பண்றதுதான் அவ வேலை. நாளைக்கே எடுத்துட்டுப் போலாம்.”

அந்தப் பெண்ணை உடன் வேலை செய்பவர்கள் ‘பஞ்சு’ என்று அழைத்தார்கள். காரணம் அவளுடைய அறைக்குள் நுழைந்ததுமே தெரிந்தது. குச்சி நுனியில் பஞ்சைச் சுற்றி, அதை எதிலோ நனைத்து, படத்தில் உருட்டி உருட்டி அழுக்கை எடுப்பதுதான் அவள் வேலை. மேஜையில், தரையில், அவளுடைய மேலங்கிப் பையில், தலைமுடியில் கூடப் பஞ்சு. வடக்குப் பக்கம் பெரிய ஜன்னல் இருந்த அறை. படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி மேஜையில் கிடத்தி, பூதக்கண்ணாடியால் மேய்ந்தாள்.

“மூலையைச் சரி பண்ணிடலாம் சார். பயப்படாதீங்க. இம்ப்ரெஷனிஸ்ட் பாணியில போட்டிருக்காங்க, ரொம்ப நல்ல கை. அறைக்குள்ள உக்காந்து நிதானமா போட்டது இல்ல இது. வெளியில காத்துல நின்னுக்கிட்டு, அந்த நேரத்துல கண்ணுல என்ன பட்டுதோ அதை அள்ளிப் பூசியிருக்காங்க. இங்க பாருங்க, மணல்கூட ஒட்டியிருக்கு.”

கண்ணாடி வழியாகப் பார்த்தார் சீஃப். நிஜம்தான். பூவின் சிவப்புக்குள்ளே மணல் துகள்கள் சிக்கியிருந்தன. இத்தனை வருடம் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவருக்கு அது தெரியாது.

“வந்தது வந்தாச்சு, மொத்தமா சுத்தம் பண்ணிடேன். காபிக் கறை புடிச்ச பல் மாதிரி இருக்கு” என்றாள் தங்கை.

“பண்ணலாம் டாக்டரம்மா. மேல புகை படிஞ்சிருக்கு. அதுக்குக் கீழ வார்னிஷ், அது நாளாக நாளாக மஞ்சளாயிடும். புகையை எடுக்க எச்சில்தான் நல்லது.”

“எச்சிலா!” என்றார் சீஃப்.

“அதுல என்ஸைம் இருக்குண்ணா” என்று தங்கை பெருமையாகச் சொன்னாள், தானே கண்டுபிடித்த மாதிரி. “வாயைப் பத்தி நீங்கல்லாம் என்னதான் நெனச்சிருக்கீங்க?”

சீஃப் சிரித்தார். செலவெல்லாம் தன்னுடையது என்று தங்கை சொல்லிவிட்டாள். அவரும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தார். எதற்குத் தலையாட்டினோம் என்பது அப்போது அவருக்குத் தெரியவில்லை.

அந்தப் படத்துக்கும் அவருக்கும் இருந்த உறவைச் சொல்ல வேண்டும்.

அவருடைய அப்பாவும் கப்பல்காரர்தான். சீஃப் ஆனா ஆவன்னா எழுதக் கற்றுக்கொண்ட வயதில் அப்பா கப்பலேறினார், திரும்பி வரவில்லை. கப்பல் மூழ்கவில்லை, ஆள் சாகவும் இல்லை. வேறொரு துறைமுகத்தில் வேறொரு குடும்பம் என்று மாமா ஒருவர் பிற்பாடு, பையன் மீசை முளைத்த பிறகு, காதோடு காதாகச் சொன்னார். ஆனால் அதற்கு முந்தைய வருடங்களில், அப்பா எப்போது வருவார் என்று அவன் கேட்கும்போதெல்லாம், அம்மா அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தப் படத்தின் முன்னால் போய் நிற்பாள். “பாரு, இது நான். இது நீ. ரெண்டு பேரும் உக்காந்திருக்கோமா? சாயங்காலம் ஆயிடுச்சா? அதோ படகு வந்துட்டே இருக்கு. இருட்டுறதுக்குள்ள கரைக்கு வந்துடும்.” அவன் நம்பினான். அப்பா வரமாட்டார் என்று தெரிந்த பிறகும் படகு வரும் என்பதை மட்டும் நம்பிக்கொண்டிருந்தான். இரண்டும் வேறு வேறு என்று அவனுக்குள் எப்படியோ பிரிந்துபோயிருந்தது. அவனும் கப்பலுக்கே போனான். எந்தக் கடலில் இருந்தாலும், பொழுது சாய்ந்து தண்ணீர் பொன்னாக மாறும்போது, அம்மா சொன்னது காதில் கேட்கும். கல்யாணமாகி ஒரு மகள் பிறந்தாள். வருடத்தில் பாதிக்கு மேல் கடலிலேயே கழிந்தது. ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் மகளைத் தூக்கி அதே படத்தைக் காட்டி, “அதோ பாரு, அப்பா வந்துட்டே இருக்கேன்” என்று சொல்லிவிட்டுத்தான் பெட்டியை எடுப்பார். அவர் சொன்ன சொல் தவறவில்லை. ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தார்.

இப்படியாக வேரோடிப்போன படம் அது. தங்கைக்கு அந்தக் கதை எதுவும் கிடையாது. அப்பா போனபோது அவள் தொட்டிலில் இருந்தாள்.

சில வாரம் கழித்துப் பஞ்சு கூப்பிட்டாள். பாதி முடிந்திருக்கிறது, வந்து பார்த்தால் நல்லது என்றாள். அண்ணனும் தங்கையும் போனார்கள்.

படம் ஒரு மரத் தாங்கியில் நின்றது. இடது பாதி சுத்தமாகியிருந்தது. வலது பாதி பழையபடியே இருந்தது. நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு, கத்தியால் வெட்டிய மாதிரி. அந்தக் கோட்டுக்கு வலப்பக்கம் சீஃபுக்குத் தெரிந்த சாயங்காலம். இடப்பக்கம் அவர் பார்த்தே இராத ஒரு காலை. வெளிறிய நீல வானம், பூக்களுக்கு அடியில் ஊதா நிழல், இலைகளின் மேல் வெள்ளிப் பூச்சாக ஈரம். குளிரக்கூடச் செய்தது. பொன் என்று ஒன்று அங்கே கிடையவே கிடையாது. அத்தனையும் வார்னிஷ்.

“அய்யோ, எவ்வளவு அழகு!” என்று தங்கை கை தட்டினாள். “ஜன்னலைத் திறந்துவிட்ட மாதிரி இருக்கு.”

சீஃப் அதைக் கேட்கவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தது படகை. அது சுத்தமான பாதியில் இருந்தது. அதன் பின்னாலிருந்து, கரைப் பக்கமாக, வெள்ளை வெள்ளையாகச் சின்னத் தீற்றல்கள் கீழே இறங்கி வந்து குட்டைச் சுவருக்குப் பின்னால் மறைந்தன. முன்பு அந்த இடத்தில் மங்கலான பழுப்பு மட்டும்தான் இருந்தது.

கடலில் காலத்தைக் கழித்தவருக்கு அது என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு கலம் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனால் அதன் பின்னால்தான் நுரைத்தடம் நீளும். தடம் கரையில் தொடங்கிப் படகில் முடிகிறது என்றால் படகு கரையை விட்டுப் போகிறது.

“இது… போகுது” என்றார்.

“என்னண்ணா?”

“படகு. போகுது குட்டி. வரல.”

பஞ்சு கொஞ்சம் தயங்கினாள். “சார், இன்னொண்ணையும் சொல்லணும். ஜன்னலை மூடிக்கறேன், பாருங்க.” திரையை இழுத்துவிட்டு ஒரு விளக்கைப் போட்டாள். ஊதாக்கதிர் விளக்கு. அதன் வெளிச்சத்தில், சுத்தம் செய்யாத பாதி பாசி பிடித்த குளம்போல் பச்சையாக மின்னியது. “பழைய வார்னிஷ் இருந்தா இப்படித்தான் மின்னும். சுத்தம் பண்றதுக்கு முன்னாடி இதே விளக்குல எடுத்த போட்டோ இது. படகைச் சுத்தி மட்டும் இருட்டா இருக்கு, பாருங்க. அங்க வார்னிஷ் தேய்ஞ்சுபோயிருக்கு. ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி யாரோ அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பத் துடைச்சிருக்காங்க. புகை அதுக்கப்புறம்தான் படிஞ்சிருக்கு.”

தங்கை மெதுவாகச் சொன்னாள். “அம்மாதான். பாதி உருளைக்கிழங்கை வச்சுத் தேய்ப்பா. ஸ்டூல்ல ஏறி நின்னுக்கிட்டு. நீ ஸ்கூலுக்குப் போனதும். கிழங்கை ஏம்மா வீணாக்கறேன்னு நான் கேட்பேன். படம் முழுக்கத் துடைக்க மாட்டா. அந்த ஒரு இடம்தான்.”

“துடைச்சப்போ இந்த நுரை தெரிஞ்சிருக்குமா?” என்று சீஃப் பஞ்சுவிடம் கேட்டார்.

“நல்லாவே தெரிஞ்சிருக்கும் சார்.”

பஞ்சு விளக்கை அணைத்துத் திரையை விலக்கினாள். பிறகு சீஃப் கழன்ற திருகாணிபோல ஆட்டம் கண்ட குரலில் சொன்னார்: “போதும். இதோட நிறுத்திடுங்க. மீதியைத் தொட வேண்டாம்.”

“பாதியிலயா? பாதி பல் தேய்ச்ச மாதிரி தொங்கவிடப் போறியா வீட்ல?”

“அது என் வீட்டுச் சுவரு.”

“என் அம்மாவும்தான்” என்றாள் தங்கை.

இருவரும் ஒரே காரில் வந்திருந்தார்கள். திரும்பும்போது வழி முழுக்க வாயைத் திறக்கவில்லை. பல் டாக்டர் பேசாமல் வருவது என்பது அந்தக் குடும்பத்தில் அதற்கு முன் நடந்ததில்லை.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது சீஃபுக்கு. சாப்பிட உட்கார்ந்தால் எதிரே வெறும் சுவர். அப்பா ஏமாற்றினார், அது அவருக்குப் பழகிப்போன காயம், மழைக்காலத்து முழங்கால் வலி மாதிரி. ஆனால் அம்மா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற காரியத்தை அவள் செய்ய மாட்டாள் என்றுதான் அவர் நினைத்திருந்தார். கடைக்காரன் மிச்சம் தவறிக் கூடக் கொடுத்தால் வெயிலில் திரும்ப நடந்துபோய்க் கொடுத்தவள். அவள் அந்த நுரைத்தடத்தைத் தன் கையாலேயே துடைத்துப் பார்த்துவிட்டு, வருகிறது வருகிறது என்று அவன் காதில் ஓதியிருக்கிறாள். தெரிந்தே.

“அம்மா பொய் சொல்லியிருக்காங்க” என்று மனைவியிடம் சொன்னார்.

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவசரப்படாமல் ஒரு சட்டையை முடித்து வைத்தாள். “குழந்தையை வேற என்ன சொல்லித் தூங்க வைப்பாங்க? போயிட்டான்டா உங்கப்பன், படுடான்னா?”

“நீயும் அப்படித்தான் சொல்லுவியா நம்ம பொண்ணுகிட்ட?”

“எனக்கு எங்க அந்த வேலை? நீங்கதான் போறப்பவே சொல்லிட்டுப் போயிடுவீங்களே.” அடுத்த சட்டையை எடுத்தாள். “கேட்கணும்னா அவகிட்டயே கேளுங்க.”

மகள் ரயிலில் அரைநாள் தூரத்து ஊரில் ஒரு பள்ளியில் உடற்பயிற்சி டீச்சர். ஞாயிற்றுக்கிழமை காலையில் போனில் பேசுவாள், பெரும்பாலும் அம்மாவோடு. அப்பாவிடம் உடம்பு எப்படி, மாத்திரை போட்டீர்களா என்பதோடு முடிந்துவிடும். அந்த ஞாயிறு சீஃப் போனைத் தானே எடுத்தார்.

“பாப்பா, நம்ம கூடத்துப் படம் ஞாபகம் இருக்கா?”

“அத்தை சொன்னாங்க. கிளீன் பண்றீங்களாமே?”

“அதுல இருக்கற படகு… அது வருதா போகுதா?”

“போகுது” என்றாள் மகள். யோசிக்கக்கூட இல்லை.

“அத்தை சொல்லிட்டாளா?”

“அத்தை எதுக்குச் சொல்லணும்? எனக்கு எப்பவுமே அது போயிட்டுத்தான் இருந்துச்சுப்பா.”

“நான்தான் வருதுன்னு சொல்லுவேனே. ஒவ்வொரு தடவையும் தூக்கி வச்சுக் காட்டுவேனே.”

“ஆமா. காட்டிட்டுப் பெட்டியை எடுப்பீங்க.” அவள் குரலில் குத்தல் இல்லை, தெரிந்த வழியைச் சொல்வதுபோலச் சொன்னாள். “அதைப் பார்த்தாலே எனக்கு அந்தப் பெட்டிச் சத்தம் கேட்கும். அதான் சாப்பிடறப்போ அந்தப் பக்கம் முதுகைக் காட்டி உக்காருவேன். கவனிச்சதில்லையா?”

கவனித்திருந்தார். மின்விசிறிக் காற்று நேராக வரட்டும் என்றுதான் அவள் அங்கே உட்காருகிறாள் என்று நினைத்திருந்தார். அந்த விசிறிக்கு பேரிங் மாற்றியதுகூட அவளுக்காகத்தான்.

போனை வைத்த பிறகு வெகுநேரம் நாற்காலியிலேயே இருந்தார். அவர் ஒன்றும் பொய் சொல்லவில்லை. திரும்பி வந்திருக்கிறார், ஒருமுறைகூடத் தவறாமல். ஆனாலும் அந்தக் குழந்தை பார்த்தது வேறு. படத்தில் வார்னிஷுக்கு அடியில் கிடந்ததை, விளக்கும் இல்லாமல் பஞ்சும் இல்லாமல், ஒரு சின்னப் பெண் அவர் தோளில் இருந்தபடியே பார்த்திருக்கிறாள். அம்மாவும் பார்த்திருக்கிறாள். பார்க்காதவர் நடுவில் நின்ற அவர் ஒருவர்தான். அம்மாவை நினைத்தார். ஸ்டூலில் ஏறி நின்று, கையில் பாதி கிழங்கோடு, அந்த வெள்ளைத் தடத்தை மறுபடி மறுபடி தெரியவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவள். தெரியாமல் அல்ல, தெரிந்துகொண்டேதான் அவள் இறங்கி வந்து சமைத்தாள், துவைத்தாள், அவனை இடுப்பில் தூக்கினாள். வருது என்று அவனுக்குச் சொன்னது அவனுக்கு வேண்டியிருந்தது. போகிறது என்று பார்த்தது அவளுக்கு வேண்டியிருந்திருக்கும். கோபம் போய்விட்டதா என்றால், போகவில்லை. ஆனால் அது யார் மேல் என்று இப்போது அவரால் சுட்டிக்காட்ட முடியவில்லை.

மறுநாள் தங்கையின் ஆஸ்பத்திரிக்கே போனார். ஒருவன் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தான். அவள் கையில் துளைக்கருவி சுழன்றுகொண்டிருந்தது.

“குட்டி, முடிச்சுடச் சொல்லிடலாம்.”

அவள் திரும்பவில்லை. “எதை? இவனையா?”

கிடந்தவனுடைய கண் அகன்றது.

“படத்தை.”

“அதை அன்னைக்கே நான் பஞ்சுகிட்ட சொல்லிட்டேன், எங்கண்ணனுக்குக் கொஞ்ச நாள் குடு, தானா வருவான்னு” என்றாள் தங்கை. முகமூடிக்கு மேலே அவள் கண் கலங்கியிருந்தது. “போய் வெளியில உக்காரு. இவனுக்கு அடைச்சுட்டு வர்றேன். காபி குடிக்கலாம்.”

அதற்குப் பிறகு சீஃப் அநேகமாக எல்லா நாளும் பஞ்சுவின் அறைக்குப் போனார். ஒரு முக்காலியில், இடைஞ்சல் இல்லாத தூரத்தில் உட்கார்ந்துகொள்வார். முதல் சில நாள் பார்ப்பது கஷ்டமாகத்தான் இருந்தது. குச்சி உருள உருள அதன் நுனிப் பஞ்சில் தேன் நிறம் ஏறும். படத்தில் சாயங்காலம் கொஞ்சம் குறையும். அழுக்கான பஞ்சைத் தொட்டியில் போடும்போது, அம்மா மடியில் கிடந்த ஒரு பொழுதையே போடுவதுபோல அவருக்கு இருக்கும். ஒரு முறை, “அதுல ஒண்ணு எடுத்துக்கட்டுமா?” என்று கேட்டுவிட்டார். பஞ்சு சிரிக்காமல் ஒரு குச்சியை எடுத்துச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் போட்டுக் கொடுத்தாள். பிறகு பழகிவிட்டது. பொன்னுக்கு அடியிலிருந்து வந்ததும் மோசமில்லை என்று பட ஆரம்பித்தது. கடலில் அவர் பார்த்திருந்த காலைகள் எத்தனையோ. என்ஜின் அறையில் இரவு வாட்ச் வேலை முடிந்து, எண்ணெய்க் கையோடு மேலே ஏறி வந்தால், இதே வெளிறிய நீலம்தான் இருக்கும். அது அழகு என்று அவருக்கு அப்போது யாரும் சொல்லவில்லை.

வலது மூலை கடைசியாகத் திறந்தது. மழைத்தண்ணீர் புகுந்திருந்த இடம். உதிர்ந்த செதில்களைப் பஞ்சு ஏற்கனவே ஒட்டியிருந்தாள். புதர் என்று எல்லோரும் நினைத்திருந்த கருப்புத் திட்டு, சுத்தம் ஆனதும் நீலத் துணியாக மாறியது.

படத்தை வாங்கிவர மனைவியும் கூட வந்திருந்தாள். அவள் கிட்டே போனாள், பின்னால் வந்தாள், தலையைச் சாய்த்துப் பார்த்தாள். படகு, நுரை, காலை, சாயங்காலம் எதைப் பற்றியும் கேட்கவில்லை. நேராக மூலையைக் காட்டினாள்.

“இது யாரு? குனிஞ்சுக்கிட்டு?”

“செடிக்குத் தண்ணி ஊத்தறாங்க. கையில வாளி இருக்கு, பாருங்க” என்றாள் பஞ்சு.

“அப்படிச் சொல்லு!” என்று மனைவி திருப்தியாகத் தலையாட்டினாள். “இத்தனை வருஷமா நினைச்சுக்குவேன், ரெண்டு பேரும் கடலையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தா இவ்வளவு பூவுக்கும் யார் தண்ணி ஊத்தறதுன்னு. இவ ஒருத்திக்குத்தான் படகு எந்தப் பக்கம் போனாலும் வேலை இருக்கு.”

சீஃப் மனைவியைப் பார்த்தார். அவள் தன்னைப் பற்றிச் சொல்கிறாளா, சும்மா சொல்கிறாளா என்று அவளுடைய முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை. படத்தைத் தூக்கும்போது மட்டும், “கனமா இருக்கு, நீ விடு” என்றார். “நீங்க அந்த முனையைப் பிடிங்க, நான் இந்த முனையைப் பிடிக்கறேன்” என்றாள் அவள்.

பள்ளி விடுமுறைக்கு மகள் வந்தாள். முதுகில் பையும், கழுத்தில் விசிலுமாக உள்ளே நுழைந்தவள், வழக்கமான நாற்காலியில் வழக்கம்போல் உட்கார்ந்தாள். ஏதோ வித்தியாசமாகப் பட்டிருக்க வேண்டும். திரும்பிச் சுவரைப் பார்த்தாள். ஓர் ஆணியும், வெளுத்த ஒரு சதுரமும்தான் இருந்தன.

“படம் எங்கப்பா?”

“உள் ரூம்ல வச்சிருக்கேன். உனக்குத்தான் அது பிடிக்காதே.”

“பெட்டிச் சத்தம் கேட்கும்னுதானே சொன்னேன்? பிடிக்காதுன்னா சொன்னேன்?” அவள் எழுந்துவிட்டாள். “சுவரைப் பாருங்க, மூளியா இருக்கு.”

உள் அறையில் கட்டிலுக்கு எதிரே படம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. ஜன்னல் வெளிச்சம் அதன் மேல் விழுந்தது. மகள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். பிறகு கிட்டே போய், மூக்கு உரசும் தூரத்தில் பார்த்தாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்தாள். அப்பாவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“காலையா இது?”

“ம்.”

“இந்தக் கோட்டைப் பார்த்துத்தானா, படகு போகுதான்னு போன்ல கேட்டீங்க?”

“ம். அது படகோட தடம். போகுது. நீ சொன்னதுதான் சரி.”

சீஃப் கையைப் பிசைந்தார். எத்தனையோ துறைமுக அதிகாரிகளிடம், எத்தனையோ முரட்டு மாலுமிகளிடம் பேசியிருக்கிறார். பெற்ற மகளிடம் இந்த ஒரு கேள்வியை மட்டும் இதுவரை கேட்டதில்லை.

“பாப்பா… நான் கிளம்பிப் போனதும் நீ என்ன பண்ணுவே?”

“எப்போ?”

“சின்ன வயசுல. வாசல்ல டாட்டா காட்டிட்டு உள்ள வருவே இல்ல? அதுக்கப்புறம். எனக்கு அது தெரியவே தெரியாதே. நான்தான் அங்க இல்லையே.”

மகள் அவரை ஒரு மாதிரி பார்த்தாள். விளையாட்டுக்குக் கேட்கிறாரா என்று பார்ப்பதுபோல. அப்புறம் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“பாத்ரூமுக்கு ஓடுவேன். உங்க ஷேவிங் பிரஷ்ஷை எடுத்து ஒளிச்சு வைக்க. அம்மா கழுவிட்டா வாசனை போயிடும்ல?”

“என் பிரஷ்ஷா?” லீவுக்கு வரும்போதெல்லாம் வீட்டில் பிரஷ் காணாமல் போயிருக்கும். பொருளை வைத்த இடத்தில் வைக்கத் தெரியாத வீடு என்று கத்தியிருக்கிறார். புதிதாக ஒன்று வாங்குவார். அதுவும் அடுத்த முறை இருக்காது. “அத்தனையும் நீயா?”

“ஒரு டப்பா நிறைய இருந்துச்சு. அலமாரிக்குப் பின்னாடி. சோப்பு வாசனை கொஞ்ச நாள்ல போயிடும். அப்புறம் வெறும் முடிதான். அப்பவும் எடுத்து எடுத்துக் கன்னத்துல தேய்ச்சுக்குவேன்.”

“அம்மாவுக்குத் தெரியுமா?”

“தெரியாமலா? அவங்கதான் டப்பா குடுத்தாங்க.”

சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. “அப்பாவும் மகளும் சாப்பிட வர்றீங்களா, இல்ல எல்லாத்தையும் நானே முடிச்சுடட்டுமா?”

“வர்றோம்மா” என்று மகள் குரல் கொடுத்தாள். ஆனால் எழுந்திருக்கவில்லை. காலை மடித்துக் கட்டில் மேல் வைத்துக்கொண்டாள்.

“அப்புறம்?” என்றார் சீஃப்.

“அப்புறம் என்ன, மாடிக்குப் போவேன். மாடியிலருந்து ஹார்பர் கொஞ்சம் தெரியும்ல, அந்த நீளமான கட்டடத்துக்கு இந்தப் பக்கம்…”

அவள் சொல்லிக்கொண்டே போனாள். சீஃப் படத்தை விட்டு அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்து கேட்டார்.